சரிவில் ஓடிய இன்ஜினியர் – ஓட்டோ லிலியந்தால்



ஹிமாசலப் பிரதேசத்தில் காங்ரா மாவட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே தௌலாதார் மலைத்தொடரின் அடியில் பீர் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு மேலே மலையில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், பில்லிங் என்று ஒரு புல்சரிவு. பாராகிளைடிங் விளையாட்டுக்காரர்களுக்கு அது ஒரு சொர்க்கம். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று அங்கேதான் நடந்தது. முதுகில் மூட்டையாகக் கட்டிச் சுமந்து போகிற ஒரு துணி இறக்கை. அதை விரித்துப் போட்டு, காற்று எதிரே வரும்போது சரிவில் நாலு அடி ஓடினால் போதும், கால் தரையை விட்டு எழும்பி விடும். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, சத்தமும் கிடையாது.

இந்தக் காட்சியை ஒரு நாள் ராத்திரி எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். பார்த்து முடித்ததும் ரூமே ரெண்டு கட்சியாகப் பிரிந்து போச்சு. தைரியம் இருந்தால் போதும், நாமும் பறக்கலாம் என்றது ஒரு கட்சி. இதெல்லாம் பணக்காரப் பைத்தியக்காரத்தனம், உயிரோடு விளையாட்டு என்றது இன்னொரு கட்சி. விடிய விடிய சண்டை.

எனக்கு ரெண்டு கட்சியுமே தப்பு என்று பட்டது. காரணம், நான் படித்திருந்த ஒரு மனிதரின் வாழ்க்கை. மலைச்சரிவில் ஓடி, காற்றில் ஏறி, பத்திரமாகத் தரையிறங்குவதை உலகத்தில் முதன்முதலாகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டியவர் அவர்தான். ராஜா வீட்டுப் பிள்ளையும் இல்லை, சர்க்கஸ்காரரும் இல்லை. நம்மைப் போலத் தொழில் பள்ளியில் படித்த ஒரு மெக்கானிக்கல்காரர்! பெயர் ஓட்டோ லிலியந்தால். அவர் கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன்.

நாரை பார்த்த பையன்கள்

ஜெர்மனியின் வடக்கே, அந்தக் காலப் பிரஷ்ய நாட்டில், அங்க்லாம் என்று ஒரு சிற்றூர். அங்கே 1848 மே 23-ந் தேதி ஓட்டோ பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் தங்கியது மூன்றுதான்: ஓட்டோ, அவருக்கு ஒரு வயது இளையவரான தம்பி குஸ்தாவ், தங்கை மரீ. ஓட்டோ சிறுவனாக இருந்தபோதே, 1861-ல் தகப்பனார் காலமாகி விட்டார். மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்து ஆளாக்கியது தாயார் கரோலின்தான். தாய் வளர்த்த பிள்ளைகள் நம்ம வகுப்பிலும் நிறைய பேர் இருக்கிறோம். அந்தக் கஷ்டம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்க்லாமைச் சுற்றி ஈரப் புல்வெளிகள். அங்கே செங்கால் நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து மேயும். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்ப் பதுங்கிப் பதுங்கிப் பக்கத்தில் நெருங்கிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாரை எழும்பும்போது எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஓடுகிறது. ஆள் நிற்கிற பக்கமிருந்து காற்று வந்தால், பயப்பட வேண்டிய ஆளை நோக்கியே கூட ஓடி வருகிறது! அப்படியானால் உயிர்ப் பயத்தை விடப் பெரிய ஏதோ ஒரு காரணம் அதில் இருக்க வேண்டும் அல்லவா? இன்றைக்குப் பில்லிங்கில் கற்றுக் கொடுக்கிற முதல் பாடம் இதுவேதான். எதிர்க்காற்றில் ஓடு!

1862-ல் பையன்கள் மெல்லிய மரத் தகட்டில் இறக்கை செய்து, கையில் வார் போட்டுக் கட்டிக் கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த மேட்டிலிருந்து இறங்கி ஓடிப் பார்த்தார்கள். எப்போது தெரியுமா? ராத்திரியில்! பகலில் செய்தால் கூடப் படிக்கிற பசங்கள் பார்த்துக் கிண்டல் பண்ணுவார்கள் என்ற பயம். இறக்கை அவர்களைத் தூக்கவில்லை. ஆனாலும் கிண்டலுக்குப் பயந்தவன் ஆசையை விடவில்லை, நேரத்தைத்தான் மாற்றிக் கொண்டான். இதை நண்பர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நம்ம மாதிரி ஒரு படிப்பு

ஊர்ப் பள்ளியில் ஓட்டோ அப்படியொன்றும் ஓகோ என்று படித்து விடவில்லை. 1864-ல் போட்ஸ்டாம் நகரில் இருந்த மாகாணத் தொழில் பள்ளியில் சேர்ந்தார். நம்ம பாலிடெக்னிக்குக்கு அண்ணன் முறை என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே போனதும் ஆள் மாறிப் போனார். கணக்கு, டிராயிங், இயந்திரம்... பிடித்த பாடம் கையில் கிடைத்ததும் அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் வாங்காத அளவுக்கு நல்ல தேர்ச்சியோடு வெளியே வந்தார்.

அதோடு நேரே காலேஜுக்கு ஓடி விடவில்லை. பெர்லினில் ஷ்வார்ட்ஸ்கோப் இயந்திரத் தொழிற்சாலையில் ஒரு வருஷம் கையில் கிரீஸ் படிய வேலை பழகினார். நாம் சொல்கிற இன்-பிளான்ட் டிரெயினிங் மாதிரி. பிறகு 1867-ல் பெர்லின் தொழிற்கல்விக் கழகத்தில் சேர்ந்து 1870 வரை இயந்திரவியல் படித்தார். அந்தக் கழகம்தான் பின்னால் வளர்ந்து பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது.

படித்துக் கொண்டிருந்தபோதே, 1867-68-ல், தம்பியோடு சேர்ந்து இரண்டாவது முயற்சி. இந்த முறை பறவை மாதிரி அடித்துக் கொள்ளும் இறக்கை. காலால் மிதித்தால் இறக்கை மேலும் கீழும் அடிக்கும். அதை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையில் எடைக் கல் வைத்துச் சோதித்தார்கள். முழு மூச்சோடு மிதித்தும் ஏறக்குறைய பாதி எடையைத்தான் தூக்க முடிந்தது. அதுவும் சில விநாடிகள்தான். ஆக மனுஷன் தன் தசை பலத்தால் இறக்கை அடித்துப் பறப்பது நடக்காத காரியம். சோதனை தோற்றது போலத் தெரிந்தாலும் ஒரு கதவு மூடினது தெளிவாகத் தெரிந்து விட்டது. லேபில் நமக்கு ரீடிங் தப்பாக வந்தால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதி விடுகிறோம். அவர் வந்த ரீடிங்கை அப்படியே ஏற்றுக் கொண்டார்.

1870-71-ல் பிரான்சோடு நடந்த போரில் தொண்டராகச் சேர்ந்து, பாரீஸ் முற்றுகையில் இருந்து, உயிரோடு திரும்பினார். பிறகு பெர்லினில் ஹோப்பே இயந்திரத் தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர் வேலை. சுரங்கத்தில் பாறை அறுக்கும் ஒரு இயந்திரத்துக்கு 1877-ல் காப்புரிமை வாங்கினார். 1878-ல் ஆக்னஸ் என்ற பெண்ணைக் கைப்பிடித்தார். ரெண்டு பேரையும் சேர்த்து வைத்தது சங்கீதமாம். அந்த அம்மா பியானோ வாசிப்பார், இவர் ஹார்ன் ஊதுவார், நன்றாகப் பாடுவார். நாலு குழந்தைகள் பிறந்தார்கள்.

பறப்பதற்கு முன்னால் அளவு

இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது, நண்பர்களே. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் பறக்கும் ஆசை பிடித்த ஆட்கள் ஏராளம். இறக்கையைக் கட்டிக் கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தவர்கள் உண்டு, நீராவி இன்ஜின் வைத்த பெரிய யந்திரம் கட்டினவர்களும் உண்டு. குதித்தவர்கள் எலும்பை முறித்துக் கொண்டார்கள். யந்திரக்காரர்களின் பணம் கரைந்தது. லிலியந்தால் ரெண்டும் செய்யவில்லை. காற்று ஒரு இறக்கையை எவ்வளவு விசையோடு தூக்குகிறது என்று அளக்க உட்கார்ந்தார்.

1874 வாக்கில் ஒரு கருவி செய்தார். நடுவில் ஒரு செங்குத்துத் தண்டு. அதிலிருந்து ரெண்டு பக்கமும் நீளும் கைகள். கைகளின் நுனியில் சின்ன இறக்கைத் துண்டுகள். கயிற்றில் கட்டின எடைக் கல் கீழே இறங்கினால் தண்டு சுழலும். எடையை மாற்றினால் வேகம் மாறும். இறக்கைத் துண்டை ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து வைத்து, தூக்கும் விசை எவ்வளவு, பின்னால் இழுக்கும் விசை எவ்வளவு என்று குறித்தார். தட்டையான பலகையையும், பறவை இறக்கை போல மேல்பக்கம் வளைந்த பலகையையும் ஒப்பிட்டார். ஒரே அளவு, ஒரே கோணம், ஒரே வேகம். ஆனால் வளைந்த இறக்கைக்குத் தூக்கு விசை மிக அதிகம்! அகலத்தில் 12-ல் ஒரு பங்கு ஆழத்துக்கு வளைத்த இறக்கைக்கு அவர் போட்ட அட்டவணை பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது.

கருவியில் அளந்தது போதாது என்று திறந்த வெளியில் இயற்கைக் காற்றிலும் அளந்தார். 1880-ல் தம்பி குஸ்தாவ் பிழைப்புக்காக ஆஸ்திரேலியா போய் விட்டதால் வேலை தடைப்பட்டது. தம்பி திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பம். எல்லாவற்றையும் தொகுத்து, பறவையின் பறத்தலே மனிதன் பறக்கும் கலைக்கு அடிப்படை என்ற பொருளில் 1889-ல் ஒரு புத்தகம் போட்டார். தூக்கு விசையையும் இழுவையையும் கோணவாரியாக ஒரே வரைபடத்தில் காட்டும் போலார் வளைவு இருக்கிறதே, அந்த முறை அதில்தான் வருகிறது. ஏரோநாட்டிக்ஸ் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் வரைகிறார்கள்.

முதல் அளவு 1874. முதல் பறத்தல் 1891. நடுவில் பதினேழு வருஷம்! தைரியம் மட்டும் போதும் என்று சொன்ன கட்சி இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

முதலாளியும் தொழிலாளியும்

இத்தனைக்கும் சோறு போட்டது எது? பாய்லர்! 1880-களின் தொடக்கத்தில் பெர்லினில் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். பாம்பு போல் சுருண்ட குழாய்களுக்குள் தண்ணீர் ஓடுகிற ஒரு சின்ன பாய்லர் அவர் கண்டுபிடிப்பு. பெரிய பாய்லர் மாதிரி வெடித்து உயிரை வாங்குகிற ஆபத்து இதில் குறைவு. பெரிய இன்ஜின் வாங்க முடியாத சின்னப் பட்டறைக்காரர்கள் இதை வாங்கிப் பிழைத்தார்கள். தொழிற்சாலையில் ஆட்கள் அறுபது வரை வளர்ந்தார்கள்.

1890-ல் அவர் ஒரு காரியம் செய்தார். லாபத்தில் 25 சதவீதம் தொழிலாளிகளுக்குப் பங்கு என்று அறிவித்தார். அந்தக் காலத்து பெர்லினில் எத்தனை முதலாளிக்கு அந்த மனசு வரும்? ஏழை எளியவர்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்று கிழக்கு பெர்லினில் ஒரு நாடகக் கொட்டகையில் பங்கு எடுத்து, மலிவு டிக்கெட் வைத்தார். தாமே நாடகம் எழுதினார், மேடையும் ஏறினார்.

ஆனால் வியாபாரத்தில் சாமர்த்தியம் போதாது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் குழந்தைகளுக்காக மணலும் சுண்ணாம்புத் தூளும் லின்சீட் எண்ணெயும் கலந்து அழுத்தி ஒரு விளையாட்டுக் கட்டடக் கல் செய்தார்கள். விற்கத் தெரியவில்லை. 1880-ல் ரிக்டர் என்ற வியாபாரிக்கு உரிமையைக் கொடுத்து விட்டார்கள். அவர் நங்கூரம் மார்க் போட்டு உலகம் பூராவும் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். கண்டுபிடித்தவனுக்குக் கிடைத்தது சொற்பம். புராஜெக்ட் செய்கிற நாம் மனசில் வைக்க வேண்டிய பாடம் இதுவும்.

25 மீட்டரில் ஆரம்பம்

1891. போட்ஸ்டாமுக்கு மேற்கே டெர்விட்ஸ் என்ற கிராமம். அங்கே ஒரு மணல் மேடு. நாற்பத்து மூன்று வயதில், ஒரு பாய்லர் கம்பெனி முதலாளி, இறக்கையைத் தோளில் சுமந்து கொண்டு அங்கே நின்றார்.

இறக்கை எதனால் ஆனது? வில்லோ மரக் குச்சிகளும் பருத்தித் துணியும்தான். நம்ம கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ இனம்தான். லேசு, வளையும், சட்டென்று முறியாது. முதலில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னப் பலகை மேடை வைத்து அதிலிருந்து தாவிப் பழகினார். பிறகுதான் குன்றுக்கு வந்தார். டெர்விட்ஸில் அதிகபட்சம் கிடைத்த தூரம் சுமார் 25 மீட்டர். நம்ம வாலிபால் கோர்ட்டை விடச் சற்றே அதிகம்! அதற்கே அந்த வருஷம் முழுசும் செலவானது.

அடுத்த வருஷம் பெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு மணல் குழியின் விளிம்பில் பயிற்சி. 1893-ல் ஸ்டெக்லிட்ஸில் ஒரு மேட்டின் மேல் கொட்டகை போட்டு அதிலிருந்து ஓடினார். அதே வருஷம் பெர்லினுக்கு வடமேற்கே உள்ள ரினோ குன்றுகளுக்குப் போய் 250 மீட்டர் தூரம் வரை பறந்தார். 1894-ல் லிக்டர்ஃபெல்டே பகுதியில், தம் வீட்டுக்கு அருகிலேயே, 15 மீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் குன்று எழுப்பினார். செங்கல் சூளையின் கழிவு மண்ணைக் கொட்டிக் கட்டிய குன்று. உச்சியில் கிளைடர் வைக்க ஒரு அறை. வட்டமான கூம்பு மாதிரி இருந்ததால் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். நாரை சொல்லிக் கொடுத்த பாடம் மறக்கவில்லை பாருங்கள்!

25, 50, 80, 250... இப்படித்தான் ஏறினார். 1891-லிருந்து 1896 வரை அவர் பறந்தது 2,000 தடவைக்கு மேல். மொத்தமாகக் காற்றில் இருந்த நேரம் சுமார் 5 மணி. வகுத்துப் பாருங்க, சராசரி ஒரு தடவைக்கு 9 விநாடிதான். அந்த 9 விநாடிக்காக 20 கிலோ இறக்கையைத் தூக்கிக் கொண்டு ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டும்!

1894-ல் அவர் செய்த ஒரு மாடல் எல்லோருக்கும் பொதுவான மாடல் ஆனது. இறக்கை விரிப்பு 6.7 மீட்டர். பரப்பு 13 சதுர மீட்டர். வௌவால் மாதிரி மடக்கி வைக்கலாம். விலை 500 மார்க். குறைந்தது ஒன்பது பேர் வாங்கினார்கள். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட், ரஷ்ய விஞ்ஞானி ஜுக்கோவ்ஸ்கி ஆகியோர் அதில் அடக்கம். உலகத்தில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் விமானம் இதுதான் என்று சொல்கிறார்கள்.

அவர் பறக்கிற போட்டோக்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. மனுஷன் பறக்கிறான் என்று காகிதத்தில் எழுதினால் யார் நம்புவார்கள்? போட்டோவைப் பார்த்ததும் நம்பினார்கள். ஒரு காலத்தில் கிண்டலுக்குப் பயந்து ராத்திரியில் ஓடிய பையன், இப்போது ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜனக்கூட்டத்தின் நடுவே ஓடினார்.

காலே ஸ்டியரிங்

கிளைடரை எப்படித் திருப்பினார்? இதுதான் நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ். முழங்கையை இறக்கைச் சட்டத்தில் ஊன்றிக் கொள்வார். மார்புக்குக் கீழே உடம்பு முழுக்க அந்தரத்தில் தொங்கும். மூக்கு மேலே தூக்கினால் காலை முன்னால் வீச வேண்டும். ஈர்ப்பு மையம் முன்னால் நகர்ந்து மூக்கு இறங்கும். இடது இறக்கை மேலே போனால் காலை இடது பக்கம் வீச வேண்டும். வேறு நெம்புகோல், கயிறு எதுவும் இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. அக்குளும் முழங்கையும் சட்டத்தில் மாட்டிக் கொண்டிருப்பதால், அசைக்க முடிவது இடுப்புக்குக் கீழே மட்டும்தான். காற்று லேசாக ஆட்டினால் சமாளிக்கலாம். பலமாகப் புரட்டினால் கால் வீச்சு போதாது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் இறக்கையையே அசைத்துக் கட்டுப்படுத்தும் வழிகளையும் கடைசி வருஷங்களில் சோதித்துக் கொண்டிருந்தார். விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க முன்னால் ஒரு வில்லோ வளையமும் செய்திருந்தார். 1894-ல் ஒரு முறை விழுந்தபோது அந்த வளையம்தான் காப்பாற்றியது.

1896 ஆகஸ்ட் 9

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரினோவுக்குப் பக்கத்தில் ஸ்டோல்ன் கிராமம். அதை ஒட்டி கோலன்பெர்க் என்ற குன்று. நல்ல வெயில். லிலியந்தாலும் அவருடைய மெக்கானிக் பால் பைலிக்கும் போயிருந்தார்கள். முதலில் பறந்தது நன்றாகவே போனது. மறுபடி ஏறினார்.

வெயிலில் சுட்ட தரையிலிருந்து சூடான காற்று குமிழ் மாதிரி பிரிந்து மேலே எழும். இன்றைக்கு அதைத் தெர்மல் என்கிறோம். அப்படி ஒரு காற்று அவருடைய இறக்கையின் மூக்கைத் தூக்கியது. கிளைடர் அந்தரத்தில் நின்றே விட்டது. காலை முன்னால் வீசிப் பார்த்தார். போதவில்லை. கோணம் அளவுக்கு மீறிப் போனால் மேல்பரப்பை ஒட்டி ஓடுகிற காற்று பிய்த்துக் கொள்ளும், தூக்கு விசை போய் விடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். மூக்கு கவிழ்ந்து, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து கிளைடர் செங்குத்தாகத் தரையில் மோதியது.

பைலிக் ஓடிப் போய்த் தூக்கினார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. உடம்பின் கீழ்ப்பாகத்தில் உணர்ச்சி இல்லை. வண்டியில் வைத்து ஊருக்குள் கொண்டு போனார்கள். மறுநாள் ரயிலில் பெர்லினுக்கு, பெர்க்மன் என்ற பெரிய டாக்டரின் மருத்துவமனைக்கு. அங்கே ஆகஸ்ட் 10-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 48. ஆக்னஸ் அம்மாளும் நாலு பிள்ளைகளும் தனியானார்கள். பெர்லினில் லாங்க்விட்ஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இந்த இடத்தில் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன கட்சி எழுந்து நிற்கும். இவ்வளவு அளந்தவரே செத்துப் போனாரே என்று கேட்கும். நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியது இது. 2,000 தடவை அவரைக் காப்பாற்றியது அவர் அளந்து தெரிந்து கொண்ட விஷயங்கள். கடைசித் தடவை அவரைக் கொன்றது அதுவரை யாரும் அளந்து முடிக்காத விஷயம். ஸ்டாலுக்குப் பிறகு மூக்கை எப்படி மீட்பது, தெர்மலை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக் கொடுக்க அவருக்கு வாத்தியார் கிடையாது. அந்தப் பாடத்துக்கு அவர்தான் முதல் மாணவர். அவர் விழுந்ததிலிருந்துதான் மற்றவர்கள் படித்தார்கள்.

அவருக்குப் பிறகு

அவரிடம் நேரில் வந்து கற்றுக் கொண்டு கிளைடர் வாங்கிப் போன பிரிட்டன் நாட்டு இன்ஜினியர் பெர்சி பில்ச்சரும் 1899-ல் கிளைடர் விபத்தில் இறந்தார். ஆனால் செய்தி அதற்குள் கடல் தாண்டி விட்டது. அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1896-ல் லிலியந்தால் இறந்த செய்தியைப் படித்துத்தான் பறக்கும் விஷயத்தில் தீவிரமாக இறங்கினார்கள். அவருடைய அட்டவணையை வைத்துத்தான் முதல் கிளைடர்களைக் கணக்குப் போட்டார்கள். கணக்கு ஒத்து வராதபோது அவரைத் திட்டவில்லை. 1901-ல் தாங்களே ஒரு காற்றுச் சுரங்கம் செய்து மறுபடி அளந்தார்கள். உடம்பை அசைப்பதற்குப் பதில் இறக்கையையே முறுக்கித் திருப்பும் வழியைக் கண்டார்கள். 1903 டிசம்பர் 17-ந் தேதி இன்ஜின் வைத்து எழும்பினார்கள். 1912-ல் தாம் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு வில்பர் ரைட் லிலியந்தாலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, முன்னோடிகளில் முதலிடம் அவருக்கே என்று மரியாதை செய்தார்.

உலகம் இன்ஜின் பக்கம் போய் விட்டது. சரிவில் ஓடிக் காலால் எழும்புகிற கலை அடங்கிக் கிடந்தது. 1948-ல் அமெரிக்க இன்ஜினியர் ரோகாலோ தம் மனைவியோடு சேர்ந்து வளையும் துணி இறக்கை ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து ஹாங் கிளைடர் வந்தது. அதில் பைலட் கையால் தொங்கவில்லை. ஈர்ப்பு மையத்தில் வாரில் தொங்குகிறார். ஆகவே முழு உடம்பையும் நகர்த்தலாம். லிலியந்தாலின் குறை அங்கே தீர்ந்தது! 1960-களில் ஜால்பர்ட் என்பவர், முன் விளிம்பில் திறந்த வாய்கள் வைத்து, உள்ளே புகும் காற்றே உப்ப வைக்கும் துணி இறக்கைக்குக் காப்புரிமை வாங்கினார். 1978-ல் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில், மியூசி என்ற ஊரில், மூன்று பாராசூட் வீரர்கள் அப்படிப்பட்ட பாராசூட்டை விரித்துச் சரிவில் ஓடிப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். பாராகிளைடிங் விளையாட்டாகப் பரவியது அங்கிருந்துதான்.

பில்லிங்கில் மணிக்கணக்காகக் காற்றில் இருக்கிறார்களே, எப்படி? அதே தெர்மல்தான்! லிலியந்தாலைக் கவிழ்த்த அதே வெயில், அதே மேலெழும் காற்று. அதில் வட்டமடித்து ஏறக் கற்றுக் கொண்டார்கள். எமனாக வந்த காற்றை ஏணியாக்கி விட்டார்கள். ஆனாலும் ஸ்டால் ஸ்டால்தான். இறக்கையின் பின் விளிம்பை அளவுக்கு மீறி இழுத்தால் இன்றைக்கும் துணி சரிந்து விழும். அதனால்தான் பயிற்சி, ஹெல்மெட், ரிசர்வ் பாராசூட், காற்று சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டிக் கொண்டு இறங்கி விடுகிற கட்டுப்பாடு. இவை எதையும் மதிக்காமல் ஏறுகிறவர்களுக்கு மலை மன்னிப்புக் கொடுப்பதில்லை.

ஊரும் நாடும் அவரை மறக்கவில்லை. அவர் கட்டின செயற்கைக் குன்றில் 1932-ல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அங்க்லாமில் அருங்காட்சியகம் உண்டு. பெர்லின் டேகல் விமான நிலையத்துக்கு 1988-ல் அவர் பெயரை வைத்தார்கள். அந்த விமான நிலையம் 2020-ல் மூடப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டோல்னில் உள்ள நினைவுச் சின்னம். 1989 அக்டோபரில் இல்யூஷின்-62 என்ற பெரிய ஜெட் விமானம் ஒன்றை, அவர் விழுந்த குன்றின் அடியில், வெறும் புல்தரையில், 900 மீட்டர் நீளத்துக்குள் இறக்கி நிறுத்தினார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது. அதற்குப் பெயர் லேடி ஆக்னஸ். அந்த வீட்டம்மாவின் பெயர்தான்! பறந்தவருக்குச் சிலை வைப்பார்கள், காத்திருந்தவருக்கு யார் வைப்பார்கள் என்று நினைத்தேன். வைத்திருக்கிறார்கள்.

2016-ல் ஜெர்மன் விண்வெளி மையத்தார் அவருடைய கிளைடரை அதே வில்லோ, அதே துணி வைத்து அப்படியே செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். இறக்கை நிலையாகத்தான் இருந்தது. நூற்றிருபது வருஷம் கழித்து வைவா நடத்தியும் மனுஷர் பாஸ்!

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் பில்லிங் போகப் போகிறோம், தெரியாது. போகிறவர்கள் நல்ல வாத்தியாரைத் தேடிப் போங்கள், சின்னச் சரிவில் ஆரம்பியுங்கள். போகாதவர்களுக்கும் சரிவு உண்டு. டிப்ளமோதானே என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேட்கிறார்களே, அதுவும் ஒரு சரிவுதான். லிலியந்தால் அதைத் தாண்டினது ஒரே குதியில் இல்லை. ஒரு தடவைக்கு 9 விநாடி, 25 மீட்டர், திரும்ப இறக்கையைச் சுமந்து மேலே ஏறி மறுபடி ஓட்டம்.

ஹாஸ்டல் சண்டையில் அன்றைக்கு என்னால் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. அதனால் மலரில் எழுதி விட்டேன். ரெண்டு கட்சிக்காரர்களும் படித்து விட்டு வாருங்கள். மறுபடி சண்டை போடலாம்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு